10 நியூட்டன் சுருள்வில் தராசு: எதை வாங்குவது, எங்கே ஏமாற்றும்

விசை என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள்களில் சுருள்வில் தராசுக்கு ஈடாக இன்னொன்று இல்லை. விசையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு வில் எவ்வளவு நீள்கிறது என்பதைப் பார்க்கலாம். கருவி முழுவதும் அவ்வளவுதான். அதனால்தான் அது நன்றாக வேலை செய்கிறது, அதனாலேயே சில இடங்களில் நம்மை நன்றாக ஏமாற்றவும் செய்கிறது.

இங்கே பேசப்படுவது ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்க்குள் வில் தெரியும்படி அமைந்த பள்ளி ஆய்வகத் தராசு. மேலே ஒரு வளையம், கீழே கொக்கி, குழாயின் ஒரு பக்கம் விசையின் அலகான நியூட்டன் அளவுகோல், மறுபக்கம் கிராம் அளவுகோல், தலைப்பகுதியில் சுழியை (பூஜ்ஜியத்தை) சரிசெய்யும் திருகு. பழைய பேப்பர் வாங்குபவர்கள் கையில் இருந்த தட்டையான இரும்புத் தராசும் இதே இனம்தான். ஆனால் அதில் வில் உள்ளே மறைந்திருக்கும். கற்பதற்கு வில் கண்ணில் படுவதே பாதி பாடம் என்பதால் குழாய் வகையையே கேட்டு வாங்குங்கள்.

முதல் முடிவு, எத்தனை நியூட்டன் வாங்குவது. சந்தையில் 1, 2.5, 5, 10, 20, 50 நியூட்டன் என்று பல அளவுகளில் வருகின்றன. விலை ஏறத்தாழ ஒன்றுதானே என்று 50 நியூட்டன் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அரைக் கிலோ மரக்கட்டையை மேசைமேல் இழுக்கிறோம் என்று வையுங்கள். அதன் எடை 4.9 நியூட்டன். மரத்துக்கும் மேசைக்கும் உராய்வுக் குணகம் (மேசையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண்) 0.3 என்றால் இழுக்கத் தேவைப்படுவது சுமார் 1.5 நியூட்டன். 50 நியூட்டன் தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 1 நியூட்டன் இருக்கும். ஒன்றரைக் கோட்டில் என்னத்தை அளப்பது? 10 நியூட்டன் தராசில் ஒரு கோடு 0.2 நியூட்டன், அதே விசை ஏழு கோடுகளுக்கு மேல் தெரியும். பள்ளியில் செய்யும் முக்கால்வாசிச் சோதனைகளுக்கு 10 நியூட்டன் பொருந்தும். ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். காரணம் கீழே. இன்னும் கொஞ்சம் செலவழிக்க மனம் இருந்தால் மூன்றாவதாக 1 நியூட்டன் தராசு ஒன்று.

கடையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. தராசைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சுட்டி சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கவலை இல்லை, திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். கொக்கியை மெதுவாகப் பாதிவரை இழுத்து, கையை விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். சுட்டி அதே சுழிக்கு வர வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தும் ஒவ்வொரு முறை வேறு இடத்தில் நின்றால் உள்ளே தண்டு குழாயில் உரசுகிறது. அந்தத் துண்டை வைத்துவிட்டு வேறு எடுங்கள். திருகு இல்லாத மாதிரியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது நியூட்டன், கிராம் என்ற இரண்டு அளவுகோல்களும் எப்படி இணைகின்றன என்பது. 1 கிலோவின் எடை 9.8 நியூட்டன். ஆகவே 1000 கிராம் கோட்டுக்கு நேரே 9.8 நியூட்டன் இருக்க வேண்டும், 10 நியூட்டன் கோடு 1020 கிராமுக்கு நேரே வர வேண்டும். மலிவான தராசுகள் பலவற்றில் 1000 கிராமும், 10 நியூட்டனும் ஒரே கோட்டில் அச்சாகியிருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக் கணக்கை எளிதாக்கிவிட்டார்கள். பிழை 2 சதவீதம். வகுப்பறைக்கு அது பெரிய குற்றம் இல்லை. எந்த அளவுகோல் சரி, எது தவறு என்பது தெரிந்திருந்தால் போதும்.

அதைத் தெரிந்துகொள்ள எடைக்கல் தேவையில்லை, தண்ணீர் போதும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கொக்கியில் மாட்டிச் சுழியைத் திருகால் சரிசெய்யுங்கள். மருந்துக்கடை அளவுக்குடுவையிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து 200 மில்லி லிட்டர் தண்ணீர் விடுங்கள். 1.96 நியூட்டன் காட்ட வேண்டும். 500 மில்லி லிட்டருக்கு 4.9. 900-க்கு 8.8. மூன்று இடத்திலும் பார்ப்பது முக்கியம். மூன்றிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் அது சுழிப்பிழை, திருகு போதும். 200-ல் சரியாக இருந்து 900-ல் அதிகம் காட்டினால் வில்லே தளர்ந்துவிட்டது, அல்லது அளவுகோல் தவறாக அச்சாகியிருக்கிறது. திருகு அதற்கு மருந்து இல்லை. அந்தத் தராசுக்கு ஒரு திருத்த அட்டவணை எழுதி ஒட்டிக்கொள்ளலாம், அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். இந்தக் கருவியின் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு விதி. எல்லைக்கு மேல் இழுத்தால் விதி செல்லாது, வில் பழைய நீளத்துக்குத் திரும்பாது.

சரி, வாங்கியாயிற்று. எதற்கெல்லாம் உதவும்?

நிறைக்கும் (பொருளில் எவ்வளவு இருக்கிறது) எடைக்கும் (அதைப் புவி எவ்வளவு விசையோடு இழுக்கிறது) உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அதில் அதிகம் நிற்க வேண்டாம். கிராம் அளவுகோல் ஒரு சலுகை, கருவி உண்மையில் அளப்பது நியூட்டன் மட்டுமே என்று சொல்லிவிட்டு நகரலாம். நிலவில் இதே தராசு 1 கிலோவுக்குச் சுமார் 1.6 நியூட்டன் காட்டும், கிராம் பக்கம் பொய் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் உள்ள அரை சதவீத வேறுபாட்டை இந்தக் கருவியால் பார்க்கவே முடியாது. சென்னையில் அளந்தாலும் சிம்லாவில் அளந்தாலும் ஒரே கோடுதான்.

இந்தத் தராசு தன் விலையை உண்மையிலேயே சம்பாதிக்கும் இடம் நியூட்டனின் மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. இரண்டு தராசுகளின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டுங்கள். ஒருவர் இழுக்கட்டும், மற்றவர் சும்மா பிடித்துக்கொள்ளட்டும். இழுப்பவரின் தராசுதான் அதிகம் காட்டும் என்று பிள்ளைகளில் பெரும்பாலோர் பந்தயம் கட்டுவார்கள். இரண்டும் ஒரே அளவு காட்டும். யார் இழுத்தாலும், எவ்வளவு இழுத்தாலும், ஒரு முனையைச் சுவரில் ஆணியில் மாட்டினாலும் அப்படித்தான். இரண்டு தராசு வாங்கச் சொன்னதற்குக் காரணம் இது ஒன்றே போதும்.

இதன் தொடர்ச்சியாக வரும் கேள்வி பெரியவர்களையும் தடுமாற வைக்கும். மேசையின் இரு ஓரங்களிலும் கப்பி, நடுவில் கிடைமட்டமாக ஒரு தராசு, இருபுறமும் நூலில் அரைக் கிலோ. தராசு எவ்வளவு காட்டும்? 9.8 என்பார்கள், சுழி என்பார்கள். விடை 4.9. ஒரு பக்கத்து எடையை எடுத்துவிட்டு அந்த நூலை ஆணியில் கட்டினாலும் அதே 4.9-தான். ஆணி இழுக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனம் வராதவர்களுக்கு இந்தச் சோதனையைவிட நல்ல வாதம் கிடையாது.

இங்கேதான் முதல் பொறி. தராசைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்ததும் சுழி நகரும். செங்குத்தாகத் தொங்கும்போது கொக்கியும் தண்டும் தம் எடையால் வில்லைச் சற்று இழுத்து வைத்திருந்தன. படுக்கவைத்தால் அந்த இழுப்பு போய்விடுகிறது. கொக்கியும் தண்டும் சேர்ந்து 10 கிராம் என்றால் 0.1 நியூட்டன் குறைவாகக் காட்டும். 10 நியூட்டன் தராசில் அது அரைக் கோடு. 1 நியூட்டன் தராசில் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே எந்த நிலையில் அளக்கப்போகிறோமோ அந்த நிலையில் வைத்துத்தான் சுழியைச் சரிசெய்ய வேண்டும். பெட்டியோடு வரும் தாளில் இது பெரும்பாலும் இருக்காது.

இரண்டு தராசுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு அடியில் சுமையை மாட்டினால் மேல் தராசு அதிகம் காட்டும். இதைப் பார்த்துத் தராசு கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மேல் தராசு சுமையோடு சேர்த்துக் கீழ்த் தராசின் எடையையும் தாங்குகிறது. கீழ்த் தராசின் நிறை 60 கிராம், சுமை 3 நியூட்டன் என்றால் கீழே 3, மேலே 3.6. தராசைத் தலைகீழாக, கொக்கி மேலே வரும்படி மாட்டினாலும் இதே கதை: குழாயின் எடையும் கணக்கில் ஏறிக்கொள்ளும்.

உராய்வு. இதற்குத்தான் பள்ளிகள் இந்தத் தராசை அதிகம் எடுக்கின்றன, இதில்தான் அதிகம் தவறுகின்றன. மரக்கட்டையை நூலால் கட்டி இழுக்கும்போது சுட்டிமுள் ஏறிக்கொண்டே போகும், கட்டை அசையாது. அசையத் தொடங்கும் நொடியில் இருக்கும் அளவுதான் நிலை உராய்வின் உச்சம். நகர ஆரம்பித்ததும் முள் சட்டென்று இறங்கும். நிலை உராய்வு என்பது ஒரே எண் இல்லை, இழுப்புக்கு ஏற்ப வளர்ந்து ஓர் உச்சத்தில் கைவிடுவது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நின்ற கட்டையை 0.5 நியூட்டனால் இழுத்தால் உராய்வும் 0.5, 1 நியூட்டனால் இழுத்தால் உராய்வும் 1. பிள்ளைகளை எழுதச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நகரும்போது முள் நடுங்கும். கட்டை விட்டுவிட்டு ஒட்டி ஒட்டி நகர்வதால் அப்படி ஆகிறது. மிக மெதுவாக இழுத்தால் நடுக்கம் அதிகம், கொஞ்சம் சீரான வேகத்தில் இழுத்தால் குறையும். கையால் இழுப்பதைவிட, தராசை அசையாமல் ஆணியில் மாட்டிவிட்டு, கட்டைக்கு அடியில் ஒரு பலகையையோ மணற்காகிதத்தையோ உருவி இழுப்பது நல்ல முறை. தராசு நிற்கும், வாசிக்க எளிது, இழுக்கும் வேகம் சீராக இல்லாவிட்டாலும் பெரிய பாதிப்பு இல்லை.

அரைக் கிலோக் கட்டையின் மேல் இன்னோர் அரைக் கிலோ வைத்தால் அளவு இரட்டிப்பாக வேண்டும். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, தொடும் பரப்பைக் குறைத்தால் அளவு மாறக் கூடாது. மாறினால் அந்தப் பக்கம் இழைக்கப்படாத பக்கம் என்று பொருள், விதியின் மேல் பழி போட வேண்டாம்.

நூல் மேசைக்கு இணையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பிழை தன்னை மறைத்துக்கொள்ளும். மேலே சொன்ன கட்டையைக் கிடைமட்டமாக இழுத்தால் 1.47 நியூட்டன். நூலை 30 பாகை உயர்த்தி இழுத்தால் 1.45. வேறுபாடு ஒரு கோட்டில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஆகவே கோணம் ஒரு பொருட்டில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். உள்ளே நடந்திருப்பது வேறு. இழுப்பின் ஒரு பகுதி கட்டையை மேலே தூக்கியிருக்கிறது, மேசை தரும் செங்குத்து எதிர்விசை 4.9-லிருந்து 4.18 ஆகக் குறைந்திருக்கிறது, உண்மையான உராய்வு 1.25 மட்டுமே. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்து சரியான விடை போலத் தோன்றுகின்றன. கட்டையின் உயரத்திலேயே ஆணி அடித்து, நூலை மட்டமாக வைப்பதுதான் தீர்வு.

நியூட்டனின் இரண்டாம் விதிக்கு (விசை = நிறை × முடுக்கம்) இந்தத் தராசை நம்ப வேண்டாம். 1 கிலோ வண்டியை 1 நியூட்டன் மாறாமல் இழுத்தால் 2 நொடியில் அது 2 மீட்டர் போய், நொடிக்கு 2 மீட்டர் வேகம் பிடித்திருக்கும். மேசை முடிந்துவிடும். அதற்குள் வேகம் கூடிக்கொண்டே போகும் வண்டிக்கு ஈடாக ஓடி, முள்ளையும் ஒரே கோட்டில் நிறுத்தி வைப்பது யாராலும் ஆகாது. பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது வண்டியைச் சீரான வேகத்தில் இழுப்பது. அப்போது முள் சுழிக்கருகே வந்துவிடும். தராசு வேலை செய்யவில்லை என்று புகார் வரும். நல்ல சக்கரம் உள்ள வண்டி சீரான வேகத்தில் போக விசையே தேவையில்லை என்ற முதல் விதியை அந்த முள் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகாரைப் பாடமாக மாற்றத் தெரிந்தவர் கையில் இருந்தால் கருவியின் விலை அங்கேயே வசூலாகிவிடும்.

முடுக்கத்தை அளக்க, கப்பி வழியாகத் தொங்கும் எடையைப் பயன்படுத்துங்கள். 1 நியூட்டன் தராசை வண்டியின் மேல் கட்டி, அதன் கொக்கியிலிருந்து நூல் போகும்படி அமைத்தால் ஒரு நல்ல காட்சி கிடைக்கும். வண்டியும் தராசும் சேர்ந்து 1 கிலோ, தொங்குவது 100 கிராம். வண்டியைப் பிடித்திருக்கும்போது தராசு 0.98 காட்டும். விட்டதும் 0.89-க்கு இறங்கும். தொங்கும் எடை தானும் முடுக்கம் பெற வேண்டியிருப்பதால் நூலின் இழுவிசை அதன் எடையைவிடக் குறைகிறது. பாடநூல் கணக்கில் வரும் அந்தக் குறைவை 10 நியூட்டன் தராசில் பார்க்க முடியாது, 1 நியூட்டனில் பார்க்கலாம். கைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அடுக்குமாடியில் லிஃப்ட் இருந்தால் அரைக் கிலோவைத் தொங்கவிட்டபடி ஏறுங்கள். கிளம்பும்போது நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூடினால் 4.9 என்பது 5.4 ஆகும். இரண்டு கோட்டுக்குமேல், நன்றாகத் தெரியும். ஓரிரு நொடிதான். அதன்பின் எவ்வளவு வேகமாகப் போனாலும் 4.9-தான், நிற்கப்போகும்போது குறையும்.

சாய்வான விசைகளுக்கு இரண்டு தராசும் ஒரு 5 நியூட்டன் சுமையும் வேண்டும். சுமையை நூலால் இரண்டு கொக்கிகளிலும் கட்டி, கைக்கு ஒரு தராசாகப் பிடியுங்கள். இரண்டு கைகளும் ஒட்டி இருக்கும்போது தராசுகள் ஆளுக்கு 2.5 காட்டும். கைகளை விரித்து இடைக்கோணம் 90 பாகை ஆனால் ஆளுக்கு 3.5. 120 பாகையில் ஆளுக்கு 5, அதாவது ஒவ்வொன்றும் முழுச் சுமை அளவு. 150 பாகையில் 9.7. அதற்குமேல் விரிக்காதீர்கள், 160 பாகையில் 14 நியூட்டனைத் தாண்டும், தராசு போய்விடும். நூலை முழுக்க நேராக்க எவ்வளவு விசை கொடுத்தாலும் போதாது. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு தொய்யாமல் இருக்கவே முடியாது என்பதற்கும், இறுக்கிக் கட்டிய கொடியின் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதற்கும் காரணம் இந்த எண்கள்தான்.

மிதப்பு விசைக்குச் சமையலறை எலெக்ட்ரானிக் தராசையும் துணைக்கு எடுத்தால் ஒரே சோதனையில் இரண்டு பாடம். அரைக் கிலோ கருங்கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால் 4.9. ஒரு பாத்திரத் தண்ணீரை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துச் சுழியாக்கி, கல்லை அடி தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். சுருள்வில் தராசு ஏறத்தாழ 3-க்கு இறங்கும், எலெக்ட்ரானிக் தராசு 190 கிராம் அளவுக்கு ஏறும். 190 கிராமின் எடை 1.9 நியூட்டன். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியிருக்கிறது. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு இடிக்கும், விரலால் தடவிவிட்டு அமிழ்த்துங்கள்.

பயணப் பெட்டி தூக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு இதற்கு மாற்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. 50 கிலோவரை அளக்கும், 10 கிராம்வரை காட்டும், விலையும் ஏறக்குறைய இதே. ஆனால் அளவு நிலைபெற்றதும் எண்ணை உறையவைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். உராய்வின் உச்சமும் அதன்பின் வரும் இறக்கமும் அதில் தெரியாது. கிலோ, பவுண்டு போன்ற நிறை அலகுகளில் காட்டுவதால் நிறையும் எடையும் ஒன்றே என்ற குழப்பத்தை வலுப்படுத்தவும் செய்யும். மூட்டையை எடைபோட அது, விசையைப் பார்க்க இது. கடையில் வைத்து வியாபாரத்துக்கு எடைபோட இந்தப் பள்ளித் தராசைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும், அதற்கு முத்திரையிட்ட தராசு வேண்டும்.

குறைகள். குழாய்க்குள் தண்டு உரசுவது எல்லாத் துண்டுகளிலும் கொஞ்சம் இருக்கும். சுமையை ஏற்றும்போது ஒரு கோடு குறைவாகவும், இறக்கும்போது ஒரு கோடு அதிகமாகவும் நிற்பது அதனால்தான். வாசிக்கும் முன் குழாயை விரலால் இரண்டு தட்டு தட்டினால் பெரும்பாலும் சரியாகும். சுட்டி ஒரு தடித்த வட்டு என்றால் அதன் எந்த விளிம்பு சுழியில் நிற்கிறதோ அதே விளிம்பிலேயே எப்போதும் வாசிக்க வேண்டும், கண் மட்டத்தில். அச்சிட்ட அளவுகோல் சில மாதங்களில் கைவியர்வையில் அழிகிறது. வந்த அன்றே ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

அதிகம் கெடுவது இழுத்துவிட்டுப் படக்கென்று கையை எடுப்பதால். வில் பாய்ந்து சுருங்கும்போது சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். தலைத்திருகைக் கழற்றி வில்லை வெளியே எடுத்துப் பிரிக்கலாம். பிரிக்கும்போது கையால் நீட்டிவிட்டால் அத்தோடு அந்த வில் முடிந்தது. கடலோர ஊர்களில் வில் துருப்பிடிக்கும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி உரசல் கூடும். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டை டப்பாவில் போட்டு, தராசைச் சுமையில்லாமல் படுக்கவைத்து மூடினால் போதும்.